டோங்காரிரோவில் ஒரு நாள் நடை: அஞ்ச வேண்டியது நெருப்பையா, காற்றையா?

கேள்வி: 2023 அக்டோபர் 14, காலை

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், டோங்காரிரோ எரிமலைப் பகுதியைக் குறுக்காகக் கடக்கும் ஒரு நாள் நடைப்பாதையில் வரும் ஜனவரி மாதம் நடக்க இருக்கிறேன். அங்கே அது கோடைக்காலம். பாதை தெளிவாகப் போடப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் நடக்கிறார்கள். ஆகவே ஓட்டத்துக்குப் போடும் காலணியும் ஒரு பருத்திச் சட்டையும் போதும் என்பது என் கணிப்பு. ஆபத்து என்று ஒன்று உண்டென்றால் அது எரிமலை வெடிப்பது மட்டும்தான். அதற்கு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன்: எட்டு மணி நேரம் கல்லையும் சாம்பலையும் பார்த்துக்கொண்டே நடப்பது சலிக்காதா?

பதில்: 2023 அக்டோபர் 14, இரவு

காலணியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பருத்திச் சட்டையை இப்போதே பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். ஏறும்போது வியர்வையில் நனையும் பருத்தி மேலே போனதும் உலராது. காற்று பட்டவுடன் உடம்பின் சூட்டை அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

நான் அங்கே நடந்தது 2017 பிப்ரவரியில், அதாவது நடுக்கோடையில். நடக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, பாதையின் தொடக்கத்துக்கு அழைத்துச் செல்லும் பேருந்துக்காரர் தங்குமிடத்துக்கு வந்து, மறுநாள் மலைமுகட்டில் காற்று கடுமையாக இருக்கும் என்பதால் வண்டி புறப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார். விடிந்து பார்த்தால் வானம் துடைத்துவைத்த வெண்கலம் போல இருந்தது. வாசலில் நின்ற புல்கூட அசையவில்லை. அந்த மனிதர் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்வதற்காகக் காற்றின் மேல் பழி போடுகிறார் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் பக்கத்து அறையில் இருந்தவர்களிடம் சொல்லவும் செய்தேன். பத்து மணிக்குமேல், மலையை மட்டும் மூடியிருந்த மேகம் விலகி, பாதையோரம் எழும் ஙவுருஹோயே எரிமலையின் கூம்பு தெரிந்தது. அதன் தலையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை யாரோ ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருப்பதுபோல மேகம் கிழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

நடை தொடங்கும் மங்கடெபோப்போ பள்ளத்தாக்கு ஏறத்தாழ 1,120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதையின் உச்சி 1,886 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு, ஏழு பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் காற்று சேர்வதில்லை. மேலே மரமில்லை, புதரில்லை, ஒதுங்கி நிற்க ஒரு சுவருமில்லை. நான் மறுநாள் ஏறியபோது 'மிதமான காற்று' என்றுதான் முன்னறிவிப்பு சொல்லியது. அந்த மிதமான காற்றில் ஒரு பெண்ணின் தொப்பி பறந்துபோய் எரிமலைவாய்க்குள் விழுந்தது.

முன்பு இந்தப் பாதையின் பெயர் வெறுமனே 'டோங்காரிரோ கடவை' என்றுதான் இருந்தது. உங்களைப் போல ஓட்டக் காலணியோடும் பருத்திச் சட்டையோடும் வருபவர்களுக்கு உறைக்கட்டும் என்பதற்காக 2007-இல் பெயரின் நடுவே 'உயர்மலை' என்ற பொருள் தரும் 'ஆல்பைன்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். எரிமலை என்ற சொல்லைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆண்டுதோறும் அங்கிருந்து மீட்கப்படுபவர்கள் பெரும்பாலும் குளிராலும் மழையாலும் புரண்ட கணுக்காலாலும் சிக்கியவர்களே. எரிமலையைப் பற்றிய உங்கள் அச்சம் வீண்.

2023 அக்டோபர் 15

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் இறக்கம் அதைவிட அதிகம். ஏறுவது 800 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மறுமுனையான கெடெடாஹி ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் இருப்பதால், உச்சியிலிருந்து இறங்குவது 1,100 மீட்டருக்கு மேல். நுரையீரலுக்கு முற்பகலிலும் முழங்காலுக்குப் பிற்பகலிலும் சோதனை. எனக்கு முழங்கால்தான் தோற்றது.

2023 அக்டோபர் 17

சலிக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கும் போகும் முன் அந்த ஐயம் இருந்தது. முதல் ஒரு மணி நேரம் அது சரி என்றும் தோன்றியது. பள்ளத்தாக்கின் தரையில் பழுப்பு நிறப் புற்குத்துகள், மரப்பலகை போட்ட நடைவழி, ஓரமாக ஒரு சிற்றோடை, எட்டத்தில் கறுப்புப் பாறைக் குவியல்கள். அவ்வளவுதான். முன்னே போன ஒருவர் குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் குனிந்தேன். அதன் பிறகு அன்று முழுவதும் நான் நிமிர்ந்த நேரம் குறைவு.

அந்தப் பள்ளத்தாக்கில் கிடப்பவை ஒரே காலத்துக் கற்கள் அல்ல. வலப்புறம் எழும் ஙவுருஹோயே 1870, 1949, 1954 ஆகிய ஆண்டுகளில் கக்கிய எரிகுழம்பு, ஒன்றன்மேல் ஒன்றும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றுமாகப் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கி உறைந்திருக்கிறது. ஓட்டத்தின் வயதை அதன் தோல் சொல்லும். பழைய பாறையின் மேல் சாம்பல் நிறப் பாசி மெத்தைபோலப் படிந்திருக்கும். விரலால் அழுத்தினால் அமுங்கி மெல்ல எழும். அதன் இடுக்கில் மண் சேர்ந்து ஓரிரு சிறு செடிகளும் நிற்கும். 1954-ஆம் ஆண்டு ஓட்டத்தின் மேல் கையை வைத்தால் கை கீறும். அது கரியைப் போலக் கறுத்து, விளிம்பெல்லாம் உடைந்த பாட்டில் போல முனை முனையாக இருக்கும். பாசி பிடிக்கத் தொடங்கியிருக்கும் இடங்களில் காசளவு வட்டங்களாக மட்டும் தெரியும். அறுபது ஆண்டுகள் காசளவுக்கு மேல் வளரவில்லை என்றால், மெத்தை விரிய எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். 1954 மே மாதம் தொடங்கிய அந்த வெடிப்பு மறு ஆண்டு வரை நீண்டது. கையை வைத்துப் பார்க்கும்போது அது ஏதோ புராண காலத்துச் செய்தியாகத் தோன்றவில்லை. அந்தக் கல்லைவிட வயதில் மூத்தவர்கள் எங்களோடு அதே பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

பள்ளத்தாக்கின் முடிவில் சோடா ஊற்று. அதற்குமேல் 'சாத்தான் படிக்கட்டு' என்று பேர்போன ஏற்றம். இப்போது அங்கே ஒழுங்கான படிகள் இருக்கின்றன. ஆகவே சாத்தான் ஓரளவு சீர்திருந்திவிட்டான் என்று சொல்லலாம். ஏறி முடித்ததும் தரை திடீரென்று தட்டையாகிவிடும். மஞ்சளும் சாம்பலும் கலந்த, விளையாட்டுத் திடல் போன்ற பெருவெளி. அதன் பெயர் தெற்கு வாய். ஒரு பெரிய எரிமலைவாயின் அடித்தரையின் மேல், குறுக்கே, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்கிறோம் என்ற எண்ணமே எனக்குச் சிலிர்ப்பாக இருந்தது.

2023 அக்டோபர் 18

சிலிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நிலவியல் படித்த ஒருவர் தனிச்செய்தியில் திருத்தினார், நானும் சரிபார்த்துவிட்டேன்: தெற்கு வாய் என்பது எரிமலைவாயே அல்ல. சுற்றிலும் எரிமலை மேடுகள் எழுந்ததால் நடுவில் அடைபட்டு, பனியாறுகளால் குடையப்பட்டு, அடித்துவரப்பட்ட மண்ணால் நிரம்பிய பள்ளம் அது. பெயர் வைத்தவர்கள் வட்டமாக இருந்ததைப் பார்த்து வாய் என்று நினைத்துவிட்டார்கள். நான் அங்கே நின்று, "இந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் நெருப்புக் கொதித்திருக்கும்" என்று உடன் வந்தவரிடம் மெய்ம்மறந்து சொன்னதை அவர் மறந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதற்கு ஈடாக ஒரு மெய்யான செய்தி. வடக்கே தெரியும் வடக்கு வாய் உண்மையானது. அதன் தட்டையான தலை, ஒரு காலத்தில் அங்கே எரிகுழம்பு ஏரியாகத் தேங்கி அப்படியே உறைந்ததால் வந்தது.

2023 அக்டோபர் 22

இனி உச்சி. தெற்கு வாய் என்று தவறாக அழைக்கப்படும் அந்தத் திடலைக் கடந்து, இருபுறமும் சரியும் ஒரு முதுகின் மேல் ஏறினால் வலப்பக்கம் தரை சட்டென்று இல்லாமல் போய்விடும். அதுதான் சிவந்த எரிமலைவாய். தமிழில் ஒரே சொல்லில் 'செவ்வாய்' என்றே சொல்லிவிடலாம். பெயருக்கும் பொருந்தும், வானத்தில் இருக்கும் அந்தக் கோளைப் போன்ற தோற்றத்துக்கும் பொருந்தும்.

சிவப்புக்குக் காரணம் இரும்பு. பாறையில் இருக்கும் இரும்பு, கடும் வெப்பத்தில் காற்றோடும் நீராவியோடும் சேர்ந்து துருவாகியிருக்கிறது. இரும்பு ஆணி மழையில் பல மாதம் கிடந்து அடையும் நிலையை, அந்தப் பாறை சூட்டோடு சூடாக அடைந்துவிட்டது என்று சொல்லலாம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தச் சுவர் படம்போல விரிகிறது: கறுப்பு இருக்கும் இடத்தில் கல் அப்படித் துருவேறாமல் ஆறியது, சிவப்பு இருக்கும் இடத்தில் சூடான ஆவி ஊடுருவியது, வெளிறிய வெள்ளை இருக்கும் இடத்தில் அமில ஆவி கல்லை அரித்துக் களிமண்ணாக்கிவிட்டது, மஞ்சள் இருக்கும் இடத்தில் கந்தகம் படிந்திருக்கிறது. எதிர்ச்சுவரில் உள்ளீடற்ற குழாயைச் செங்குத்தாகப் பிளந்து வைத்ததுபோல ஒரு வடிவம் தெரியும். எரிகுழம்பு மேலே ஏறிவந்த பிளவு அது. ஓரம் இறுகிய பிறகு நடுவில் இருந்த குழம்பு வடிந்துவிட்டதால் வெற்றுக் கூடாக நிற்கிறது. எரிமலையின் தொண்டைக்குழியைப் பக்கவாட்டில் பார்ப்பது வேறு எங்கும் எனக்கு வாய்த்ததில்லை. தொப்பியைப் பறிகொடுத்த பெண்ணும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் தொப்பியைப் பிடிக்கவில்லை.

தரை அங்கே சுடுகிறது. சுடுகிறது என்பது மிகை, வெதுவெதுப்பாக இருக்கிறது. கையுறையைக் கழற்றிச் சரளைக்குள் விரலை நுழைத்தால், சற்றுமுன் அடுப்பை அணைத்த மேடைபோல இருக்கும். காற்றில் விறைத்துப்போன பலர் அந்த வெதுவெதுப்பான சரிவில் உட்கார்ந்து, முட்டை அழுகிய நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். சிறிது நேரத்தில் நாற்றம் தெரியவில்லை. மூக்கு பழகிவிட்டது என்பதற்கும் நாற்றம் போய்விட்டது என்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஆவி எழும் துளையருகே நெடுநேரம் உட்காரக் கூடாது.

பிறகு வருவதுதான் நான் உங்களுக்கு எழுதத் தொடங்கியதற்கே காரணமான இறக்கம். உச்சியிலிருந்து மரகத ஏரிகளுக்கு இறங்கும் சரிவு முழுவதும் ஸ்கோரியா எனப்படும் துளை நிறைந்த கசடுக் கல்லும் பொடியும். கொட்டிக் கிடக்கும் சரளை தானாக ஒரு சாய்வில் நின்றுகொள்ளும். ஏறத்தாழ 30 முதல் 35 பாகை. அந்தச் சாய்வின் விளிம்பில் நிற்கும் கற்களுக்கு ஒரு மனிதனின் எடை போதும், எல்லாம் சேர்ந்து கீழே நகர. கால் வைத்த இடத்தில் கால் இருப்பதில்லை. பயந்தவர்கள் பின்னால் சாய்கிறார்கள். பின்னால் சாய்ந்தால் பாதத்தின் அடி முழுவதும் சறுக்குப் பலகையாகிவிடும், அடுத்த நொடி உட்கார்ந்திருப்பார்கள். நான் மூன்று முறை உட்கார்ந்தேன். நான்காவது முறை உட்காரப் போகும்போது, ஏறத்தாழ பத்து வயதுச் சிறுமி ஒருத்தி என்னைத் தாண்டித் துள்ளித் துள்ளி இறங்கினாள். அவள் குதிகாலை முதலில் குத்தி, உடம்பை முன்னால் நிறுத்தி, ஒவ்வோர் எட்டிலும் கல் தன்னோடு ஒரு சாண் நகர்வதை எதிர்க்காமல் விட்டுக்கொண்டே போனாள். அவளைப் பார்த்துச் செய்த பிறகு எனக்கும் வந்தது. வந்தது என்றால், விழாமல் வந்தது, துள்ளல் வரவில்லை.

ஏரிகளைப் பற்றி ஒரே வரி: மூன்று சிறு குட்டைகள், கந்தகத்தால் பச்சையானவை, படத்தில் பார்ப்பதைவிட நேரில் நம்ப முடியாதவை.

2023 அக்டோபர் 23

அந்த ஒரே வரியிலும் பிழை. கந்தகம் மட்டுமே என்று சொன்னது அவசரம். செவ்வாயின் வெப்ப நிலத்திலிருந்து நீர் கரைத்துக்கொண்டு வரும் கனிமங்களால் அந்த நிறம் வருகிறது என்பதே சரியான கூற்று. கரையில் மஞ்சளாகப் பார்த்ததை நான் ஏரிக்குள்ளும் கரைத்துவிட்டேன். குட்டைகள் ஒவ்வொன்றும் பழைய வெடிப்புப் பள்ளம். அதாவது இவை உண்மையான வாய்கள்.

2023 அக்டோபர் 29

முதல் குறிப்பில், எரிமலையைப் பற்றிய உங்கள் அச்சம் வீண் என்று எழுதியிருந்தேன். ஒரு வாரமாக அந்த வரி என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதை நான் எழுதியிருக்கக் கூடாது. ஏனென்றால் கெடெடாஹியில் நின்று நான் பார்த்ததற்கு அது முரணானது.

நீல ஏரியைத் தாண்டி வடக்குச் சரிவில் இறங்கத் தொடங்கியதும், எதிரே டௌப்போ ஏரி வரை நிலம் விரியும். (அழகாகத் தெரியும் அந்தப் பேரேரியே ஓர் எரிமலை என்பதும், அதன் கடைசிப் பெருவெடிப்பு நடந்து 1,800 ஆண்டுகள்தான் ஆகின்றன என்பதும் கீழே வந்து படித்த பிறகே எனக்குத் தெரிந்தது.) அதே சரிவில் வலப்பக்கம், பாதையிலிருந்து எட்டத்தில், ஓர் இடத்தில் புகை எழும். அது டெ மாரி. 1896, 1897 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அமைதியாக இருந்த வாய் அது. 2012 ஆகஸ்ட் 6 அன்று, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், உடனடி முன்னறிகுறி எதுவும் இல்லாமல் வெடித்தது. எரிகுழம்பு வெளியே வரவில்லை. நிலத்துக்குள் அழுத்தத்தில் இருந்த நீரும் ஆவியும் ஒரே நொடியில் விடுபட்டுப் பழைய பாறைகளைப் பெயர்த்து வீசின. ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குக் கல் பொழிந்தது. மாரி என்ற பெயருக்குத் தமிழில் மழை என்று பொருள் என்பது அந்த மலைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் கல்மாரி என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான இடத்தை நான் பார்த்ததில்லை. மலையேறுவோர் இரவில் தங்கும் கெடெடாஹி குடிலின் கூரையைப் பொத்துக்கொண்டு கற்கள் படுக்கை இருந்த இடத்தில் விழுந்தன. குளிர்கால இரவு என்பதால் உள்ளே யாரும் இல்லை. அதன் பிறகு அந்தக் குடிலில் யாரும் தங்க விடப்படவில்லை. பகலில் ஒதுங்கி நிற்க மட்டும் பயன்பட்டது.

அதே ஆண்டு நவம்பர் 21 அன்று மீண்டும் வெடித்தது. இம்முறை பிற்பகல் 1.25 மணி. சில நிமிடங்கள் மட்டும் நீடித்த அந்த வெடிப்பின் சாம்பல் தூண் எழுந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மலையில் நடந்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் காயமில்லை. முழுப் பாதையும் மீண்டும் திறக்கப்பட்டது 2013 மே மாதத்தில்.

ஆகவே திருத்தம்: எரிமலையை அஞ்சுவது வீணல்ல. எரிகுழம்பு பாய்ந்து வந்து நம்மைத் துரத்தும் என்று அஞ்சுவதுதான் வீண். 'நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை' என்று நீங்கள் சொன்னதும் தவறு. அந்நாட்டின் ஜியோநெட் கண்காணிப்பு அமைப்பு ஒவ்வோர் எரிமலைக்கும் 0 முதல் 5 வரை எச்சரிக்கை நிலை குறித்து வெளியிடுகிறது. அதைப் புறப்படும் நாளன்று காலையில் பாருங்கள். 0 என்றிருந்தால் எதுவும் நடக்காது என்று பொருளல்ல. அன்று அமைதியாக இருக்கிறது என்று மட்டுமே பொருள்.

2023 நவம்பர் 2

இதை எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் மேலே இவ்வளவு அறிவுரை சொன்ன பிறகு மறைப்பது முறையல்ல.

இறக்கத்தின் கடைசிப் பகுதி காட்டுக்குள் போகிறது. எட்டு மணி நேரம் மரமே இல்லாமல் நடந்தவனுக்கு அந்த ஈரமும் நிழலும் ஓடையின் ஒலியும் கொடுக்கும் ஆறுதலைச் சொல்லி முடியாது. என் இரு காலணிகளுக்குள்ளும் செவ்வாயின் சரளை கிலோக்கணக்கில் சேர்ந்திருந்தது. சரி, கைப்பிடிக் கணக்கில். ஓடைக்கரையில் வசதியான பாறை ஒன்றைப் பார்த்து உட்கார்ந்து, காலணியைக் கழற்றித் தட்டி, காலுறையை உதறி, விரல்களுக்கு இடையில் சிக்கியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கொப்புளத்தை ஆராய்ந்து, மீதமிருந்த ரொட்டியையும் தின்று முடித்தேன். இருபது நிமிடம் இருக்கும். எழுந்து நூறு அடி நடந்ததும், எனக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பலகை நின்றது. சுற்றிப்போய்ப் படித்தேன். சேற்றுப் பெருக்கு வரக்கூடிய பகுதி, நிற்காமல் விரைந்து கடக்கவும் என்று எழுதியிருந்தது. எதிர்த்திசையிலிருந்து வருபவர்களுக்கான பலகை அது. அப்படியானால் நான் வந்த திசையிலும் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் அந்த நேரத்தில் என் காலணியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

லாஹார் எனப்படும் அந்தச் சேற்றுப் பெருக்குக்கு வெடிப்புகூடத் தேவையில்லை. சரிவில் கிடக்கும் தளர்ந்த சாம்பலும் பாறையும் பெருமழையில் கரைந்து, ஈரச் சிமெண்டைப் போல ஓடை வழியாக இறங்கினால் போதும். பக்கத்து மலையான ருவாப்பெஹுவில் 1953 டிசம்பர் 24 இரவு, வாய்க்குள் இருந்த ஏரியின் கரை உடைந்து இறங்கிய பெருக்கு டாங்கிவாய் என்ற இடத்தில் ரயில் பாலத்தைச் சிதைத்தது. சற்று நேரத்தில் வந்த ரயில் ஆற்றில் விழுந்து 151 பேர் இறந்தார்கள். அன்று எந்த எரிமலையும் வெடிக்கவில்லை.

நான் உட்கார்ந்திருந்த பாறை ஏன் அவ்வளவு வசதியாக, ஓடைக்கரையில், தனியாகக் கிடந்தது என்பதை இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

2023 நவம்பர் 11

ஙவுருஹோயேயின் கூம்பின் மேலும் ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். (தமிழில் சொல்லின் முதலில் வருவதற்கு இடமே கிடைக்காமல் கிடக்கும் 'ங'வுக்கு, அந்நாட்டுப் பழங்குடிகளின் மாவோரி மொழியில் நல்ல வாழ்வு.) 2,287 மீட்டர், ஒரு திரைப்படத்தில் தலையைக் காட்டியதிலிருந்து அதன்மேல் எல்லோருக்கும் ஆசை. எனக்கும் இருந்தது. தெற்கு வாயின் திடலில் நின்று, ஒற்றையடித் தடம் பிரிந்து மேலே போவதைப் பார்த்தபோது, இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்று கால் பரபரத்தது. ஏறவில்லை. நற்குணத்தால் அல்ல, நேரம் போதாததால். நற்காரணங்கள் பிறகு தெரிந்தவை.

அந்தச் சிகரங்கள் ஙாட்டி டூவாரெடோவா என்ற மாவோரிக் குழு மக்களுக்குப் புனிதமானவை. அவர்களுடைய தலைவர் நான்காம் டெ ஹெயுஹெயு டூகினோ, 1887-இல் டோங்காரிரோ, ஙவுருஹோயே, ருவாப்பெஹு ஆகிய மூன்று மலைகளின் சிகரங்களையும் அரசிடம் ஒப்படைத்ததே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவுக்கு விதை. 1990-இல் இயற்கைக்காகவும் 1993-இல் பண்பாட்டுக்காகவும் அது உலக மரபுச் சின்னமானது. சிகரங்களின் உச்சியில் ஏற வேண்டாம் என்பது இப்போது அம்மக்களின் வேண்டுகோள்; ஏறும் தடங்களின் குறிகளும் பாதையிலிருந்து அகற்றப்பட்டுவிட்டன. நீல ஏரியின் நீரைத் தொடுவதும் அதன் கரையில் உட்கார்ந்து உண்பதும் அவ்வாறே தவிர்க்க வேண்டியவை. ரங்கிஹிரோவாவின் கண்ணாடி என்று பொருள்படும் மாவோரிப் பெயர் அதற்கு உண்டு.

டோங்காரிரோ என்ற பெயரைப் பற்றிய கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். ஙாட்டொரொஇரங்கி என்ற பெருங்குருக்கள் இந்தச் சிகரத்தில் ஏறியபோது குளிரில் விறைத்துச் சாகும் நிலைக்கு வந்தார். தொலைவில், ஹவாய்க்கி என்ற ஆதித் தாயகத்தில் இருந்த தம் சகோதரிகளை நோக்கி நெருப்பு அனுப்பச் சொல்லிக் கதறினார். அந்த நெருப்பு நிலத்துக்கு அடியில் வந்து மலையின் வாய் வழியாக வெளிப்பட்டது. 'டோங்கா' என்றால் தெற்குக் காற்று. 'ரிரோ' என்றால் அடித்துச் செல்லப்படுவது. குளிர்ந்த தென்காற்று என்னை அடித்துச் செல்கிறது என்ற அவருடைய கூக்குரலே மலையின் பெயராக நிற்கிறது என்பார்கள்.

ஆக, அம்மக்களின் கதையில் காற்றுதான் கொல்ல வந்தது; நெருப்பு காப்பாற்ற வந்தது. முதல் குறிப்பில் நான் சொல்லத் தடுமாறியதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வெதுவெதுப்பான சரளையில் உட்கார்ந்து ரொட்டி தின்றபோது எனக்கு இந்தக் கதை தெரியாது.

2023 நவம்பர் 12

காலணியை மறந்தே போனேன். கணுக்காலைப் பிடிக்கும், அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள மலையேற்றக் காலணி; முன்பே ஒரு மாதம் போட்டுப் பழகியது. அதன் வாயை மூடும் துணிக் காப்பு ஒன்றும் வேண்டும். அது என்னிடம் இருந்திருந்தால் நவம்பர் 2 குறிப்பே இருந்திருக்காது. கம்பளிச் சட்டை, காற்றையும் மழையையும் தடுக்கும் மேலுடை, கையுறை, தொப்பி, இரண்டு லிட்டருக்குக் குறையாத தண்ணீர். வழியில் குடிக்கும் நீர் கிடைக்காது. ஓடைகள் தெளிவாக இருந்தாலும் அவற்றில் கரைந்திருப்பவை வயிற்றுக்கு ஆகாது. தொப்பிக்குக் கயிறு கட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்: 2024 ஜனவரி 9

நேற்று மாலை பேருந்துக்காரர் வந்து நாளை வண்டி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று இங்கே ஒரு மேகமும் இல்லை. வாசலில் இலைகூட ஆடவில்லை.

2024 ஜனவரி 9

பக்கத்து அறைக்காரர்களிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: 2024 ஜனவரி 12

நேற்று நடந்தேன். மேலே முழுவதும் மேகம். முன்னால் போனவரின் முதுகுப்பையைத் தவிர எதுவும் தெரியவில்லை. செவ்வாயின் விளிம்பில் நின்றபோது எதிர்ச்சுவர் அரை நிமிடம் திறந்து மூடிக்கொண்டது. மரகத ஏரிகளில் ஒன்றை மட்டும் பார்த்தேன். அதுவும் சாம்பல் நிறத்தில். இறக்கத்தில் உட்கார்ந்தது ஐந்து முறை. துணிக் காப்பு வாங்க மறந்துவிட்டேன். ஆனால் காட்டில் நிற்கவில்லை. சரளையோடேயே நொண்டி நொண்டி வந்து, தங்குமிடத்தின் குளியலறையில்தான் காலணியைக் கவிழ்த்தேன்.

2024 ஜனவரி 12

என்ன நிறம்?

கேள்வி கேட்டவர்: 2024 ஜனவரி 12

எல்லாம் கறுப்பு. ஒன்று மட்டும் சிவப்பு.